எஞ்சின் சத்தம் தகர டப்பா மாதிரி இருக்கிறது, டீகோடரை மாற்றினால் சரியாகுமா?

கேள்வி (பாலக்காட்டிலிருந்து), 8 ஜூன் 2023

ஹெச்ஓ அளவு மாடல் ரயிலில் டபிள்யூடிஎம்2 டீசல் எஞ்சின் ஒன்று வைத்திருக்கிறேன். எஞ்சினை ஓட்டி, சத்தமும் எழுப்புகிற லோக்சவுண்ட் 5 டீகோடர் சர்க்யூட் போட்டாயிற்று. ஓட்டினால் தகர டப்பாவுக்குள் வண்டு புகுந்த மாதிரி இருக்கிறது. வால்யூமை ஏற்றினால் கரகரப்பு. இதைவிட விலை கூடிய டீகோடர் வாங்கினால்தான் சரியாகும் என்கிறார் தெரிந்த ஒருவர். வாங்கிவிடலாமா அண்ணா?

8 ஜூன், இரவு

வேண்டாம். நீங்கள் வைத்திருக்கும் டீகோடருக்கு ஒரு குறையும் கிடையாது. மேல்கூட்டைக் கழற்றி ஸ்பீக்கர் இருக்கும் இடத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

9 ஜூன்

படம் பார்த்தேன். நினைத்தபடிதான். ஸ்பீக்கரை டபுள் டேப் வைத்து மேல்கூட்டின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறீர்கள், பின்னால் பெட்டி இல்லை. டீகோடரோடு ஒரு சின்னக் கறுப்புச் சட்டம் வந்திருக்குமே, அடுக்கடுக்காகப் பொருத்துகிற மாதிரி. அதை எங்கே போட்டீர்கள்? அதுதான் பெட்டி. பலர் அதைப் பாக்கிங் சாமான் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள்.

விஷயம் இதுதான். ஸ்பீக்கரின் சவ்வு முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது, அதே நேரம் பின்பக்கக் காற்று தளர்கிறது. இரண்டுக்கும் நடுவில் தடுப்பு இல்லாவிட்டால் முன்னால் வருவதைப் பின்னால் வருவது தின்றுவிடும். கீழ்ச்சுருதி முதலில் போகும், கீச்சுச் சத்தம் மட்டும் மிஞ்சும். உங்கள் வண்டு அதுதான். 11க்கு 15 மில்லிமீட்டர் ஸ்பீக்கரில் இது இன்னும் மோசம், முன்னுக்கும் பின்னுக்கும் தூரமே இல்லை.

சட்டம் தொலைந்துபோனால் காலாவதியான ஏடிஎம் கார்டு போதும். முக்கால் மில்லிமீட்டர் கனம், கத்தியால் மூன்று நான்கு தடவை கீறி மடக்கினால் நேராக உடையும். நான்கு சுவர், ஒரு தரை. கார்டின் எழுத்துப் புடைத்த பகுதியை விட்டுவிடுங்கள், அந்த மேடு விளிம்போடு சேராது. வயர் வெளியே வர ஒரு மூலையில் ஊசித் துளை. வயரை நுழைத்த பிறகு அந்தத் துளையையும் அடைக்க வேண்டும். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

9 ஜூன், அரை மணி கழித்து

ஒட்டும் பசை பற்றி இரண்டு சொல்ல மறந்துவிட்டேன்.

ஃபெவிக்விக் போட்டுப் பெட்டியை ஒட்டினால் உடனே ஸ்பீக்கரை வைத்து மூடாதீர்கள். அதன் ஆவி வெள்ளையாகப் படியும், சவ்வின் மேல் படிந்தால் சவ்வு விறைக்கும். பெட்டியை ஓர் இரவு திறந்து வைத்துவிட்டு மறுநாள் ஸ்பீக்கரைப் பொருத்துங்கள்.

சுற்றிலும் அடைக்க சிலிகான் வாங்கினால் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் அது பாத்ரூமுக்கு. அந்த அமிலம் செம்பு வயரையும் சால்டரையும் அரிக்கும். வாடை இல்லாத வகையும் கிடைக்கிறது.

பெட்டி சரியாக அடைந்ததா என்று பார்க்க, எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு விரல் நுனியால் விளிம்புகளைச் சுற்றி அழுத்திக்கொண்டே போங்கள். எங்கே அழுத்தும்போது சத்தம் சட்டென்று கனமாகிறதோ அங்கே ஓட்டை.

11 ஜூன்

பெட்டி போட்டுவிட்டேன், இப்போது கனமாக வருகிறது, ஆனால் மூன்றாம் நாட்சுக்கு (எஞ்சின் வேகத்தை ஏற்றும் படி) மேல் விர்ரென்று அதிர்கிறது என்கிறீர்கள். நல்ல அறிகுறி. சத்தம் வந்தால்தானே கூடு அதிரும். கூட்டை அங்கங்கே இரு விரலால் பிடித்துப் பாருங்கள். பெரும்பாலும் கண்ணாடி ஜன்னல் அல்லது கைப்பிடிக் கம்பி. ஸ்பீக்கர் பெட்டி கூட்டை நேரடியாகத் தொடக் கூடாது, நடுவில் மெல்லிய ஃபோம் துண்டு.

அப்புறம் வால்யூம். சிவி என்பது டீகோடரில் எண்ணிட்ட அமைப்பு. சிவி 63 மொத்த வால்யூம், 192 வரை போகும். கடைசி வரை ஏற்றியிருப்பீர்கள். 90க்கு இறக்குங்கள். பயப்படாதீர்கள், இறக்கினால் நன்றாகக் கேட்கும். அந்தச் சின்ன சவ்வு போய்வரக்கூடிய தூரம் மில்லிமீட்டருக்கும் குறைவு. அதற்கு மேல் தள்ளினால் அலையின் தலை வெட்டுப்படும், வெட்டுப்பட்ட அலைதான் கரகரப்பு. மொத்தத்தை இறக்கிய பிறகு ஹாரன் மட்டும் கத்துகிறது என்று தோன்றினால் அதை மட்டும் தனியாகக் குறைக்கலாம். சிவி 31ல் 16, சிவி 32ல் 1 என்று வைத்தால் ஒவ்வொரு சத்தத்தின் வால்யூமும் சிவி 259, 267, 275 என்று எட்டு எட்டாகத் தள்ளி வரும். முதலாவது எஞ்சின்.

எங்கேயோ குழப்பிவிட்டால் சிவி 8ல் 8 எழுதுங்கள், கம்பெனி அமைப்புக்குத் திரும்பிவிடும்.

14 ஜூன்

இந்த இழையில் எழுதும் நாகர்கோவில் அண்ணாச்சி சொல்வது: "என்னதான் பெட்டி செய்தாலும் நெஞ்சில் இடிக்கிற அந்த அடி வராது, அடி இல்லாத ஆல்கோ ஆல்கோவே இல்லை." அண்ணாச்சி, மதிப்போடு மறுக்கிறேன், ஆனால் பாதிதான். (ஆல்கோ என்பது டபிள்யூடிஎம்2ன் டீசல் எஞ்சினை வடிவமைத்த கம்பெனி.)

கணக்கு போட்டுப் பார்ப்போம். நம் செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையில் மீட்டர் கேஜ் காலத்தில் ஓடிய ஒய்டிஎம்4 டீசலில் இருந்தது ஆல்கோ 251, வரிசையாக ஆறு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக். ஐடிலில் நிமிடத்துக்கு 400 சுற்று. நான்கு ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை ஒரு சிலிண்டர் வெடிக்கும். ஆக நிமிடத்துக்கு 1200 வெடிப்பு, நொடிக்கு 20. எட்டாம் நாட்சில் சுமார் 1000 சுற்று, நொடிக்குச் சுமார் 50. டபிள்யூடிஎம்2ல் அதே 251தான், ஆனால் வி வடிவில் 16 சிலிண்டர். ஐடிலில் நொடிக்கு 53, முழு வேகத்தில் 133.

நம் குட்டி ஸ்பீக்கர் 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிட்டத்தட்ட ஊமை. அப்படியென்றால் இந்த எண்களில் ஒன்றைக்கூட அது வாசிக்கவில்லை. அந்த மட்டில் அண்ணாச்சி சொல்வது சரி. ஆனாலும் நமக்கு ஆல்கோ கேட்கிறதே, எப்படி? ஒவ்வொரு வெடிப்பும் ஒரு கூர்மையான தட்டு. அந்தத் தட்டில் மேல்மடங்குகள் (20ன் மடங்கான உயர்ந்த சுருதிகள்) நிறைய இருக்கின்றன, 500லும் 800லும் 1200லும். அவை நொடிக்கு 20 தடவை எழுந்து அடங்கும்போது, 20ஐக் காது தானாகவே போட்டுக்கொள்கிறது. ஃபோனில் ஆண் குரலை அடையாளம் கண்டுகொள்வதும் இப்படித்தான். பழைய ஃபோன் வயரில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதுவும் போகாது, ஆண் குரலின் அடிச்சுருதி 100 சுமாரில் இருக்கிறது.

ஆகவே அடிச்சத்தம் தேடி அலைய வேண்டாம். ஒவ்வொரு தட்டும் தனித்தனியாக, குழையாமல் வந்தால் போதும். வால்யூமை ஏற்றி அலையின் தலையை வெட்டும்போது குழைவது அதுதான்.

14 ஜூன், பின்குறிப்பு

டீகோடரில் ஈக்வலைசர் இருந்தால் அடிச்சத்தத்தை ஏற்றாதீர்கள், இறக்குங்கள். சுனாமி2 என்ற டீகோடரில் ஏழு பட்டை இருக்கிறது. ஸ்பீக்கரால் வாசிக்க முடியாத 60 ஹெர்ட்ஸை அதனிடம் கொடுத்தால், சத்தம் வராது, ஆனால் சவ்வு வீணாக ஆடும். அந்த ஆட்டத்தின் மேல் மற்றதெல்லாம் ஏறிக் குலையும். கேட்கிறவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும், செய்து பார்த்தால் புரியும்.

15 ஜூன்

"நெஞ்சில் இடிக்க வேண்டுமென்றால் மேசைக்கடியில் சப்வூஃபர் வைக்கலாமே" என்று ஒருவர். வைக்கலாம். மேசை முழுக்க ஒய்டிஎம்4 ஆகிவிடும். எஞ்சின் எந்த மூலையில் போனாலும் சத்தம் நடுமேசையிலிருந்து வரும். வீட்டில் சம்மதம் வாங்கிவிட்டுச் செய்யுங்கள்.

23 ஜூன்

பழைய ஸ்மார்ட்ஃபோன் ஸ்பீக்கர் போடலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். போடலாம், நானும் அதைத்தான் போட்டிருக்கிறேன். தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் ரிப்பேர் கடைகளில் உடைந்த ஃபோன்கள் ஒரு டப்பா நிறையக் கிடக்கும். கேட்பது அடிப்பக்க ஸ்பீக்கராக இருக்க வேண்டும், காதருகில் வைக்கும் சின்னது வேண்டாம்.

கடையிலேயே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 6.5, 7 என்று காட்டும், அது சரிதான். காதுப்பக்க ஸ்பீக்கர் 30 சுமாரில் காட்டும். லோக்சவுண்ட் 5க்கு 4 ஓமிலிருந்து 32 வரை ஒத்துக்கொள்ளும். பழைய லோக்சவுண்ட் 3.5 வைத்திருப்பவர்கள் ஜாக்கிரதை: அது 100 ஓம் ஸ்பீக்கருக்காகச் செய்தது. 8 ஓமை மாட்டினால் ஆம்ப்ளிஃபயர் போய்விடும்.

இன்னொன்று. சில ஃபோன்களில் ஸ்பீக்கர் தன் பெட்டியோடு மூடி வரும். வேறு சிலவற்றில் ஃபோனின் உடம்பே பின்பெட்டி. அதைத் தனியாகக் கழற்றினால் முதுகு திறந்த ஸ்பீக்கர்தான் கையில் இருக்கும், பழையபடி ஏடிஎம் கார்டு வேலை. திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

ஸ்பீக்கர் வயர் இரண்டில் எதுவும் சேசிஸில் படக் கூடாது. "ஒன்று எர்த்துதானே" என்று கார் ரேடியோ பழக்கத்தில் நினைப்பவர்கள் உண்டு. இங்கே இரண்டு முனையிலும் ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது.

24 ஜூன்

இரண்டு ஸ்பீக்கர் போடுகிறவர்களுக்கு: சீரியலில் 16 ஓம், பேரலலில் 4. இரண்டுமே லோக்சவுண்ட் 5 தாங்கும். ஆனால் இரண்டு சவ்வும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் போக வேண்டும். ஒரு பென்சில் பேட்டரியை ஒரு கணம் தொட்டு எடுங்கள், சவ்வு வெளியே குதிக்கிறதா உள்ளே போகிறதா என்று விளக்கொளியில் பார்த்தால் தெரியும். வெளியே குதிக்கும்போது பேட்டரியின் பிளஸ் தொட்ட முனையில் ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள். மாற்றி இணைத்தால் இரண்டு ஸ்பீக்கர் ஒன்றைவிடக் குறைவாகக் கேட்கும், காரணம் தெரியாமல் மண்டை காயும்.

2 ஜூலை

சாரல் தொடங்கிவிட்டது. ஆரியங்காவுக் கணவாய்க் காற்று ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளே நீர்த்துளியைக் கொண்டுவருகிறது. குற்றாலத்துக்குக் கூட்டம், எனக்குத் தண்டவாளம் துடைக்கிற வேலை. சத்தம் விட்டு விட்டு வருகிறது, சில இடத்தில் எஞ்சின் நிற்காமலேயே ஸ்டார்ட்டர் சத்தத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கிறது என்று பாலக்காட்டிலிருந்தும் புகார். அங்கேயும் கணவாய்க் காற்றுதான்.

இது ஸ்பீக்கர் பிரச்சினை இல்லை. கண்ணிமைக்கும் நேரம் கரண்ட் அறுந்தால் மோட்டார் தன் வேகத்தில் உருண்டு தாண்டிவிடும், டீகோடர் உறங்கி விழிக்கும். தண்டவாளத்தை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள், சக்கரங்களையும். உப்புத்தாள் வேண்டாம், கீறலில் அழுக்கு இன்னும் சீக்கிரம் சேரும்.

நிரந்தரத் தீர்வு கீப்-அலைவ் கபாசிட்டர், கரண்ட் அறுந்த கணத்தில் டீகோடரைத் தாங்கிக்கொள்வது. இடம் இருந்தால் முதலில் அதைப் போடுங்கள், இரண்டாவது ஸ்பீக்கரை அப்புறம் யோசிக்கலாம். சில டீகோடர்கள் கபாசிட்டர் மாட்டியிருக்கும்போது புரோகிராமிங் தண்டவாளத்தில் (சிவி படிக்கவும் எழுதவும் ஒதுக்கிய துண்டு) சிவி படிக்க மறுக்கும். பழுது என்று எண்ணிவிட வேண்டாம், கழற்றிவிட்டுப் படியுங்கள்.

10 ஜூலை

மழையில் வேலை இல்லாமல் யோசித்த விஷயம். ஹெச்ஓ என்றால் 87ல் ஒன்று. மேசையில் ஓடும் எஞ்சினை நாம் சுமார் 60 சென்டிமீட்டர் தள்ளி நின்று பார்க்கிறோம். நிஜத்தில் அது 52 மீட்டர். 52 மீட்டரில் நின்றால் ஆல்கோ எப்படிக் கேட்கும்? வால்வு சடசடப்பு காதில் விழாது. ரேடியேட்டர் விசிறி லேசாக. புகைபோக்கிச் சத்தமும் டர்போவின் ஊளையும்தான் ராஜா.

ஆனால் கடையில் கிடைக்கும் ஒலிக் கோப்புகளில் பல, எஞ்சினுக்குப் பக்கத்தில் மைக்கை நீட்டிப் பதிந்தவை. கண்ணுக்கு 52 மீட்டர், காதுக்கு 2 மீட்டர். மனசு ஒட்டாததற்கு இதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஸ்பீக்கரைக் குறை சொல்லி அடுத்த ஸ்பீக்கர், அடுத்த டீகோடர் என்று போகிறோம்.

11 ஜூலை

நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். 50 மீட்டரில் நின்று பதிந்தால் எஞ்சினோடு ஊரும் சேர்ந்து பதிவாகும்: தவளை, பஸ் ஹாரன், டீக்கடை ரேடியோ. அதை லூப்பில் போட்டால் நான்கு நொடிக்கு ஒரு தடவை அதே தவளை கத்தும். ஆகவே பக்கத்தில் பதிந்துவிட்டு மேல்சத்தத்தைக் கொஞ்சம் தேய்ப்பதுதான் நடக்கிற காரியம். 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே மெதுவாக இறக்குங்கள். சடசடப்பு பின்னால் போகும், எஞ்சின் எட்டி நிற்கிற மாதிரி ஆகும்.

ஹாரனுக்கு மட்டும் தூரப் பதிவு அழகு. அது தொடர் லூப் இல்லை, தவளை வந்தாலும் ஒரு தடவைதான்.

20 ஜூலை

நாகர்கோவில் அண்ணாச்சி நேற்று வந்திருந்தார். இரண்டு பேரும் புளியரைப் பக்கம் வயல் வரப்பில் ரெக்கார்டரோடு உட்கார்ந்தோம். ஸ்டேஷனுக்குள் மைக்கைத் தூக்கிக்கொண்டு போய் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பதைவிட வரப்பு நிம்மதி. இந்தச் செங்கோட்டை–புனலூர் பாதை 1904ல் திறந்தது, 2010ல் மீட்டர் கேஜ் நின்றது, 2018ல் பிராட் கேஜாகத் திரும்பி வந்தது. இப்போது மின்கம்பியும் வந்துவிட்டது. டீசல் மலையேறும் சத்தம் வேண்டுமென்றால் இனி கிடைக்கும்போது பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். ஒய்டிஎம்4 சத்தத்துக்கு இங்கே வழியே இல்லை. அதே ஆறு சிலிண்டர் 251 போட்ட ஆல்கோ எஸ்-6, டி-6 ஷண்டர்களின் கோப்பு கிடைத்தால் எடுங்கள், தட்டும் எண்ணிக்கையாவது பொருந்தும். பலர் 16 சிலிண்டர் கோப்பை ஒய்டிஎம்4ல் ஏற்றிவிட்டு ஏதோ இடிக்கிறதே என்கிறார்கள். இடிக்கத்தான் செய்யும், வெடிப்பு இரண்டரை மடங்குக்கும் மேல்.

பதிவு செய்கிறவர்களுக்கு: காற்றுக்கு மைக்கின் மேல் முடி வைத்த உறை கட்டாயம், ஃபோம் மட்டும் இங்கே போதாது. அளவு முள்ளை ஹாரனுக்கு வைத்துச் சரிசெய்யுங்கள், எஞ்சினுக்கு வைத்தால் ஹாரன் வெட்டுப்படும். லூப் வெட்டும்போது அலை பூஜ்யக் கோட்டைக் கடக்கும் இடத்தில் வெட்டுங்கள், தொடக்கமும் முடிவும் ஒரே போக்கில் கடக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு "டிக்". அதோடு லூப்பின் நீளம் முழு வெடிப்புச் சுற்றாக இருக்கட்டும். ஆறு சிலிண்டரும் ஒரே மாதிரித் தட்டாது, ஒன்று சற்று மந்தமாக இருக்கும். பாதியில் வெட்டினால் எஞ்சின் நொண்டும்.

லோக்சவுண்டில் சொந்தச் சத்தம் ஏற்ற லோக்புரோகிராமர் பெட்டி வேண்டும். ஒருவர் வாங்கி நால்வர் பகிரலாம். என்னுடையது இப்போது நாகர்கோவிலில் இருக்கிறது, அண்ணாச்சி படித்தால் நினைவுக்கு வரட்டும்.

6 ஆகஸ்ட்

இழை திசை மாறுகிறது, பரவாயில்லை. பொள்ளாச்சியிலிருந்து நீலகிரி எக்ஸ் கிளாஸ் நீராவி எஞ்சினுக்குச் சத்தம் கேட்டிருக்கிறார். சாதாரண இரண்டு சிலிண்டர் நீராவிக்குச் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் நான்கு "சுக்". டீகோடரில் அதைச் சக்கரத்தோடு பொருத்திவிட்டால் வேலை முடிந்தது. எக்ஸ் கிளாஸில் நான்கு சிலிண்டர். சமதளத்தில் உயர் அழுத்தச் சிலிண்டர்கள் மட்டும் வேலை செய்யும். கல்லாறு தாண்டிப் பல்சக்கரப் பாதை ஏறும்போது அவற்றிலிருந்து வெளியேறும் நீராவி தாழ் அழுத்தச் சிலிண்டர்களுக்குப் போய், அங்கிருந்துதான் புகைபோக்கிக்கு வரும். ஆகவே கல்லாறுக்குக் கீழே ஒரு சத்தம், மேலே வேறு சத்தம். ஒரு ஃபங்ஷன் பட்டனில் இரண்டு தொகுப்புகளை மாற்றுகிற மாதிரி கோப்பு எழுத வேண்டும். எளிதில்லை, ஆனால் எழுதினால் கேட்க முதல் ஆளாக நான் வருவேன்.

27 ஆகஸ்ட்

பாலக்காட்டுத் தம்பி இரண்டாவது டபிள்யூடிஎம்2 வாங்கி, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று கட்டி ஓட்டுகிறார். இரண்டிலும் ஒரே கோப்பு, இரண்டும் சேர்ந்தால் சத்தம் குழாய்க்குள் போய் வருகிற மாதிரி அலைகிறதாம். ஒரே அலை கொஞ்சம் முன்பின்னாக இரண்டு இடத்திலிருந்து வந்தால் சில சுருதி கூடும், சில கழியும். பின் எஞ்சினுக்கு வேறு ஆல்கோ பதிவு போடுங்கள். அது இல்லாவிட்டால் ஒன்றின் ஐடில் வால்யூமையாவது மற்றதைவிட நன்றாக இறக்குங்கள்.

ஹாரன் இரண்டிலும் ஒன்றாக அடிக்கிறது என்ற தொல்லைக்கு சிவி 21. கன்சிஸ்ட் எண்ணுக்கு (சேர்த்துக் கட்டிய எஞ்சின்களின் பொது எண்) எந்தெந்த ஃபங்ஷன் கீழ்ப்படிய வேண்டும் என்பதை அதுதான் சொல்கிறது. பின் எஞ்சினில் எஃப்2வுக்கான (ஹாரன் பட்டன்) பிட்டை எடுத்துவிட்டால் அதன் ஹாரன் மௌனமாகும்.

28 ஆகஸ்ட்

மௌனமாகும் என்றது கன்சிஸ்ட் எண்ணில் அழைக்கும்போது மட்டும். அதன் சொந்த எண்ணில் அழைத்தால் ஹாரன் அடிக்கும், அதை விட்டுவைத்திருப்பது நல்லது. மலைப்பாதையில் கிளம்புவதற்கு முன் முன் எஞ்சின் ஹாரன் கொடுக்கும், பின்னால் தள்ளும் பேங்கர் பதில் கொடுக்கும், அப்புறம்தான் இருவரும் நாட்சு ஏற்றுவார்கள். இரண்டு கண்ட்ரோலர் இருந்தால் பின் எஞ்சினின் எண்ணை வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள். பதில் ஹாரன் வரும் வரை நீங்கள் நாட்சைத் தொடக் கூடாது என்று விதி.